வாக் ஓவர் தராதவர்

ஹாக்கிப் போட்டி நின்றுபோனதற்கு எல்லோரும் நீலத் தரையைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஊருக்கு அந்தப் பக்கம் செயற்கைப் புல் போட்டு நீலமாக ஒரு மைதானம் வந்துவிட்டது. அதற்கப்புறம் மண்ணில் ஆட யார் வருவான் என்கிறார்கள். அதுவும் சரிதான். நான் மறுத்துப் பேசுவதில்லை.

அந்தப் போட்டிக்கு ஒரு செகரட்டரி இருந்தார். பேர் வேண்டாம். நோட்டீஸில்கூட எல்லார் பேரும் போட்ட பிறகு அடியில் சின்ன எழுத்தில்தான் தன் பேரைப் போடுவார். நான் சார் என்று கூப்பிடுவேன்.

நான் வேன் ஓட்டுகிறேன். மே மாசம் பள்ளிக்கூட லீவில் போட்டி நடக்கும். வெளியூர் ஆட்கள் ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் தங்குகிற பள்ளிக்கூடத்தில் விடவேண்டும். அங்கிருந்து மைதானம். மைதானத்திலிருந்து திரும்ப ஜங்ஷன். போட்டி முடிகிற வரைக்கும் வண்டி வேறு எங்கும் போகாது. சார் முன் சீட்டில் உட்கார்ந்து வருவார்.

ஆள் குட்டை. வெள்ளை அரைக்கைச் சட்டை. தலையில் ஈரத்துண்டு. துண்டு காயக் காயக் குழாயில் நனைத்து மறுபடி போட்டுக்கொள்வார். ஒரு மில் ஆபீசில் வேலை பார்த்தார். மே மாசம் வந்தால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ரிட்டயர் ஆன அன்று கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தவர், இனிமேல் லீவு கேட்டு எவனிடமும் நிற்கவேண்டாம் என்றார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று சிரித்தார்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம். நோட்டீஸில் போட்ட ஆட்டம் நடந்தாக வேண்டும். ஒரு அணி வரவில்லை என்றால் வந்த அணி ஜெயித்ததாக அம்பயர் சொல்லிவிடுவார். அதற்கு வாக் ஓவர் என்று பேர். எல்லாப் போட்டியிலும் உள்ளதுதான். இவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. யாராவது அந்த வார்த்தையை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு தடவை வண்டியில் வரும்போது கேட்டேன். அதில் என்ன சார் என்று. அப்போதுதான் போட்டி ஆரம்பித்த கதையைச் சொன்னார்.

முதலில் மில்லுக்குள் பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் ஆடினதாம். பரிசு ஒரு ஆட்டுக்கிடாய். ஜெயித்தவர்கள் கிடாய்க்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். தோற்றவர்கள் மில் வாசலில் வைத்துக் கல்லெறிந்தார்கள். மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது. மறு வருஷம் அந்த ஆளுகளே உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். கிடாய் எங்கேயும் போகக்கூடாது. மைதானத்திலேயே அடித்துச் சமைக்கவேண்டும். இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். முதல் இலை தோற்றவனுக்கு.

பிறகு கிடாய் போய்க் கோப்பை வந்தது. மில் ஆட்கள் போய் ரயில்வே, போலீஸ், ராணுவம், பேங்க் எல்லாம் வந்தன. வேப்பமரத்தில் ஏறிப் பார்க்கிற அளவுக்குக் கூட்டம் வந்தது. இலை மட்டும் மாறவில்லை. தினம் ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியை உட்கார வைத்து முதலில் பரிமாறுவார்கள். சார்தான் சோறு போடுவார். வேறு யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார்.

"வாக் ஓவர்னா தோத்தவன் யாருப்பா?" என்றார். "வரவே இல்லாதவனுக்கு எப்படி இலை போடுவ? சொல்லு."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

கோடை மழை ஒரு வருஷம் மத்தியானத்தில் கொட்டிவிட்டது. மைதானம் கரம்பை மண். கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. இரண்டு கேப்டனும் வந்து நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாளைக்கு வேறு ஆட்டம் இருக்கிறது என்றார் சார். என்னைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடு. வண்டியூர் ரைஸ்மில்லுக்குப் போறோம்."

"எதுக்கு சார்?"

"உமி அள்ள."

மூட்டை மூட்டையாக உமி ஏற்றி வந்தோம். சீட்டெல்லாம் உமி. அவரும் நானும் மைதானத்து வாசலில் கடை போட்டிருக்கிற டீ மாஸ்டரும் மைதானம் முழுக்க விசிறினோம். உமி தண்ணீரைக் குடித்துக்கொண்டது. ஆட்டம் நடந்தது. விழுந்தவன் எல்லாம் மஞ்சளாக எழுந்தான். ஒரு ஆட்டக்காரன் வாயிலிருந்து உமியைத் துப்பிக்கொண்டே, "சார், அடுத்த வருசம் தவிடும் போடுங்க. மாடா வந்து மேயிறோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. நெல்மணி காலடியில் கிடந்தால் வழுக்கும் என்று குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த உமியை வண்டியிலிருந்து ஒரு வருஷம் கூட்டினேன்.

இன்னொரு வருஷம் ஒரு பேங்க் அணி ஆள் குறைவாக வந்து இறங்கியது. இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு, வழியிலேயே இறங்கிவிட்டார்கள். ஒரு கோல்கீப்பர், ஒரு பின்னாட்டக்காரன். சார் என்னைப் பார்த்தார். டீ மாஸ்டரைப் பார்த்தார்.

"சார், எனக்கு ஹாக்கி தெரியாது," என்றேன்.

"நிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"போய் நில்லு."

டீ மாஸ்டருக்கு கோல்கீப்பர் பேடு கட்டிவிட்டார்கள். அவருக்குத் தொப்பை. பேடு கட்டினால் குனிய முடியவில்லை. கம்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "மாப்ள, பந்து வந்தா நீ பாத்துக்க. நான் வந்த பெறகு பாத்துக்குறேன்" என்றார். எதிர் அணிக் கேப்டன் நல்லவன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். சட்டையின் முதுகில் பேங்க் பேரோடு அந்த ஆட்டம் முடிகிற வரை நின்றேன். நிறைய கோல் வாங்கினோம். முடிந்ததும் முதல் இலையில் எங்களையும் உட்கார வைத்தார்.

"நாங்க எதுக்கு சார்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்குவோம்," என்றேன்.

"தோத்தீல்ல? உக்காரு."

அவர் வீட்டில் அம்மா மட்டும்தான் அவரை எதிர்த்துப் பேசும். அவர் மனைவியைத்தான் சொல்கிறேன். நான் அம்மா என்பேன். பெரிய மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருக்கும்போது அரை இறுதி ஆட்டத்துக்கு அம்பயர் வரவில்லை என்று தகவல் வந்தது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் சார் எழுந்தார். சம்பந்தி வீட்டார் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். நான்தான் வண்டியோடு வாசலில் நின்றேன். அம்மா வாசல் வரைக்கும் வந்தது.

"தம்பி, நானும் வருசா வருசம் வேண்டிக்கிறேன். ஒரு மழை வந்து அந்த மைதானமே முங்கிப் போயிறாதான்னு. அதுக்கும் இந்த மனுசன் உமியைத் தூக்கிட்டுப் போறாரு. நீயும் கூடப் போற," என்றது.

சார் வண்டியில் ஏறிவிட்டார். அரைமணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றார். அவர் வந்தபோது சம்பந்தி வீட்டார் போய்விட்டிருந்தார்கள். கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தப் பெண் அவரோடு சரியாகப் பேசுவதில்லை என்று அம்மா பின்னால் சொன்னது.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ராசு விஷயம் அப்படி இல்லை.

வாடிப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு அணி வரும். எல்லாம் வயலில் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஷூ பாதிப் பேருக்கு இருக்கும். ஒரு வருஷம் அவர்கள் பெரிய பெரிய அணிகளைத் தோற்கடித்துக்கொண்டே வந்தார்கள். அந்த அணிக்கு சென்டர் ஹாஃப் ஆடுகிறவன் ராசு. நடு மைதானத்தில் நிற்பான். பந்து அவனைத் தாண்டாது. அதிகம் ஓடமாட்டான், பந்து வருகிற இடத்தில் நிற்பான். சாருக்கு அவன்மேல் ஒரு இது. வெளியே சொல்லமாட்டார். அவன் ஆடும்போது மட்டும் துண்டை நனைக்க மறந்துவிடுவார்.

அரை இறுதி. எதிர் அணி வெளி மாநிலத்தது. ஆள் ஒவ்வொருவனும் ஆறடி. ராசு அணியில் சரியாகப் பதினோரு பேர்தான். மாற்று ஆட்டக்காரன் காய்ச்சலில் படுத்திருந்தான். பாதி ஆட்டம் முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று.

நோட்டீஸில் சார் போன் நம்பர்தான் இருக்கும். ஆட்டக்காரர்களின் வீட்டில் எல்லோரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். பாதி நேரத்தில் அவருக்குப் போன் வந்ததை நான் பார்த்தேன். தண்ணீர்க் கேனை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்ப் பேசினார். தலையைக் குனிந்து பேசினார். போனைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ராசு இருந்த பக்கம் பார்த்தார். ராசு தரையில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தான்.

ஆட்டம் நடக்கும்போது சார் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். கோட்டை ஒட்டி நடந்துகொண்டே இருப்பார். அன்று கம்பத்துக்குப் பின்னாலேயே நின்றார். ஆட்டம் முடிகிற வரை நின்றார்.

கடைசியில் ராசுவின் அணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது. ராசுதான் பந்தை எடுத்துக் கொடுத்தான். ஊர்க்காரர்கள் உள்ளே ஓடி வந்து அவனைத் தூக்கினார்கள். சார் என்னிடம் வந்தார்.

"வண்டிய எடு. வாடிப்பட்டி ஆஸ்பத்திரி."

ராசுவைக் கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவன் கையில் மட்டை இருந்தது. சிரித்துக்கொண்டே ஏறினான். "எங்க சார்? பேட்டி எடுக்கப் போறாகளா?" என்றான்.

வண்டி கிளம்பியதும் சார் சொன்னார். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். அவனைக் கேட்கிறது. அவன் மாமா போன் செய்தார்.

திண்டுக்கல் ரோட்டில் நான் வேகமாகத்தான் போனேன்.

"எப்ப சார் போன் வந்துச்சு?" என்றான் ராசு.

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"ஆஃப் டைம்ல," என்றார் சார்.

ராசு மட்டையைச் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

நாங்கள் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உயிர் போயிருந்தது. கை இன்னும் சூடாக இருக்கிறது என்று உள்ளே ஒரு பெண் அழுதாள். அவன் மாமா வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். "கடைசி வரைக்கும் வாசலத்தாய்யா பாத்துக்கிட்டு இருந்துச்சு. பிள்ள இந்தா வாரான், இந்தா வாரான்னு சொல்லிக்கிட்டே இருந்தோம்," என்றார். சார் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ராசு மட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனான். பிறகு வந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் இறுதி ஆட்டம். ராசு ஊரிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அம்மாவை எடுப்பது அன்றைக்குத்தான். இன்னொரு அணிக்கு அன்று சாயங்காலம் ரயில். பதினோரு பேரைப் பிடித்து நிறுத்துவது சாருக்குப் பெரிய வேலை இல்லை. மைதானத்தில் ஆள் இருந்தது. டீ மாஸ்டர் பேடைக் கட்டிக்கொள்ளவா என்று கேட்டே விட்டார். சார் அம்பயரிடம் போனார்.

"வாக் ஓவர் குடுத்துருங்க," என்றார்.

அம்பயர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "என்ன சார்?" என்றார். சார் இரண்டாம் தடவை சொல்லவில்லை. நடந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். அங்கிருந்து ராசு ஊருக்குப் போனோம். சுடுகாட்டில் கூட்டத்துக்கு வெளியே நின்றார். யாரும் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பின்னால் சார் போட்டியை விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். விடவில்லை. ஒரு மாற்றம் மட்டும் செய்தார். ஆட்டம் நடக்கும்போது போனை டீ மாஸ்டரிடம் கொடுத்துவிடுவார். யாருக்கு என்ன போன் வந்தாலும் மைதானத்துக்குள்ளேயே ஓடிப் போய்ச் சொல்லவேண்டும். ஆட்டத்தை நிறுத்தியாவது சொல்லவேண்டும். டீ மாஸ்டர் அதை அப்படியே செய்வார். ஒருநாள் பெனால்டி கார்னர் அடிக்கப் போகிறார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டீ மாஸ்டர் தொப்பையோடு உள்ளே ஓடினார்.

"அம்பயர் சார், அம்பயர் சார்! ஒங்க வீட்டுல கேஸ் சிலிண்டர் வந்துருக்காம். புக்கு எங்க வச்சீகன்னு கேக்குறாக!"

மைதானமே சிரித்தது. அம்பயர் விசிலை வாயில் வைத்தபடி சாரைப் பார்த்தார். சார் வெளியிலிருந்து, "பதில் சொல்லிட்டு ஆரம்பிங்க," என்றார்.

பரிசளிப்பு நாளில் யாராவது பெரிய மனிதர் வந்து மைக்கில் பேசுவார். அரை நூற்றாண்டாக ஒரு வருஷம்கூடத் தடைபடாமல் நடந்து வருகிற போட்டி என்பார். கைதட்டுவார்கள். சார் பின்னாலிருந்து எழுந்து மைக் பக்கத்தில் போவார்.

"ஒரு வருசம் ஃபைனல் நடக்கல," என்பார்.

பேசுகிறவருக்கு எரிச்சலாக இருக்கும். கமிட்டிக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். மறு வருஷமும் அதேதான். அதைத் திருத்தாமல் அவரால் உட்கார முடியாது.

வருஷா வருஷம் ராசு ஊருக்கு நோட்டீஸ் கொடுக்கப் போவோம். தபாலில் அனுப்பினால் போதும் என்று கமிட்டியில் சொல்வார்கள். அவர் நேரில்தான் போவார். ராசு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவேன். ராசு எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவான். மாமா வந்து நோட்டீஸை வாங்கிக்கொள்வார். அணி வராது. ராசு வயதுக்காரர்கள் ஆட்டத்தை விட்டார்கள். அடுத்த செட்டு வந்தது. அதுவும் வரவில்லை. ராசுவே தேங்காய் வெட்டு வேலை முடிந்து சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறான், அவன் பிள்ளைகள் எங்கே போனாலும் கோப்பையோடு வருகிறார்கள் என்று காதில் விழும். எங்கள் மைதானத்துக்கு மட்டும் அனுப்பமாட்டான்.

சார் திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு தடவை மட்டும், "அவன் வீட்டுக் கூரைய மாத்திட்டான். ஓடு போட்டுருக்கான்," என்றார்.

நீலத் தரை வந்தபிறகு நிலைமை மோசமாகிவிட்டது. பெரிய அணிகள் மண்ணில் ஆடினால் கால் போய்விடும் என்று பதில் எழுதின. ரயில்வே வரவில்லை. போலீஸ் வரவில்லை. சாருக்கும் முழங்கால் போய்விட்டது. வண்டியில் ஏற நான் கை கொடுக்கவேண்டும். கமிட்டியில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேருக்குச் சலிப்பு. கடைசி வருஷம் ஏழு அணிதான் சேர்ந்தது. எட்டாவது அணி வந்தால் நடத்துவோம், வராவிட்டால் விட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. ஆளைப் பிடித்து அணி கட்டுகிற கதை வேண்டாம் என்று சாரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ராசு வீட்டில்தான் இருந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை உள்ளே போகவில்லை. சார் வண்டியிலிருந்து இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் போட்டான். அவன் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தது. தெருவில் பிள்ளைகள் மட்டையோடு திரிந்தார்கள். பள்ளிக்கூடம் அடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

சார் நோட்டீஸை நீட்டினார். ராசு வாங்கிக்கொண்டான். பிரிக்கவில்லை.

"ஏழு டீம் வந்துருக்கு. நீ அனுப்புனா எட்டு. இல்லேன்னா நின்னு போகும்ப்பா," என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"இந்தப் பிள்ளைகளப் பாத்தேன். நல்லா ஆடுதுக."

ராசு தரையில் உட்கார்ந்தான். நோட்டீஸைக் குழலாகச் சுருட்டினான்.

"சார், ஒன்னு சொல்லணும். சொல்லிட்டா விட்டுரலாம்னு இருக்கேன்."

"சொல்லு."

"அன்னைக்கு அப்பவே நீங்க வந்து சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன்னுதான் எல்லாரும் பேசுறாக. எங்க மாமா, எம் பொண்டாட்டி, ஊரே. நானும் ஆமாம்னுதான் சொல்றது. ஆனா எனக்கு அது தெரியல சார். ஒன்னுக்கு ஒன்னு. எதுத்தாப்ல அம்புட்டுப் பெரிய டீமு. ஆத்தாவுக்கு அப்பப்ப மயக்கம் வாரதுதான். முடிச்சிட்டே போவோம்னு நானே சொல்லியிருந்தா? இல்ல, ஓடியிருந்தா? எதுன்னு தெரியாமலே ஆகிப்போச்சு. நான் எந்த மாதிரிப் பிள்ளைன்னு எனக்கே தெரியல. இதை யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

அவன் சத்தம் போடவில்லை. கூலி கேட்கிறவன் மாதிரி மெதுவாகத்தான் சொன்னான். அவன் மனைவி செம்போடு நின்றது. அதுவும் இதை முதல் தடவையாகத்தான் கேட்டது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

சார் கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ போயிருவேன்னு தெரிஞ்சுதான்ப்பா நான் சொல்லல," என்றார்.

ராசு நிமிர்ந்து பார்த்தான்.

"போகாத ஆளா இருந்தா சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, முடிச்சிட்டுப் போப்பான்னு கேட்டுருப்பேன். நீ நிக்க மாட்ட. மட்டைய அங்கனயே போட்டுட்டு ஓடுவ. ஒன் மூஞ்சியப் பாத்தேன், தெரிஞ்சுச்சு. அதான் போனைப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்."

அது அன்றைக்கே அவர் நினைத்ததா, அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் தெரியும்.

"மெய்யாவா சார்?"

"மெய்தான்."

ராசு எழுந்தான். குழாயடிக்குப் போனான். முகத்தைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். மனைவி போய்ப் பக்கத்தில் நின்றது. கையால் சும்மா இரு என்று காட்டினான். திரும்பி வந்தபோது சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

நோட்டீஸை எடுத்துச் சாரிடமே நீட்டினான்.

"டீம் அனுப்ப முடியாது சார். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கு."

மட்டையோடு திரிந்த பிள்ளைகளில் ஒருத்தி நின்று அவனைப் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரிப்பா," என்றார் சார். "நல்லாப் படிக்கச் சொல்லு."

நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் கை கொடுக்கப் போனேன். ராசு முந்திக்கொண்டான். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான். கதவைச் சாத்தினான். விரல் மாட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சாத்தினான்.

தென்னந்தோப்பு தாண்டி மெயின் ரோட்டில் ஏறினோம். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். போட்டி முடிந்தது என்று இருவருக்கும் தெரியும். யார் யாருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பரீட்சையாம்ல," என்றார்.

"ஆமா சார்."

"மே மாசத்துல."

"ஆமா சார்."

லாரி ஒன்று முந்திப் போனது.

"மொகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மனசு வரல பாத்தியா அவனுக்கு," என்றார்.